முதல் வரிசை நாற்காலி

“இன்னிக்கும் ஒரு பையன்கூட வரலைன்னா கிளாஸை மூடிட்டுக் கிளம்பி வந்துடு,” என்று சொல்லி போனை வைத்துவிட்டார் மேலாளர்.

பயிற்சியாளருக்கு அழுகை வராத குறை. வேலைக்குச் சேர்ந்து அவர் நடத்தும் முதல் பயிற்சி முகாம் இது. வீட்டில் கையை நீட்டாமல், மிரட்டாமல், அன்பாகப் பேசிப் பழகுவது எப்படி என்று கிராமத்து இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நூலகக் கட்டடத்தில் நாற்காலியெல்லாம் போட்டு வைத்தால் வருவது பெண்கள் மட்டும்தான். வர வேண்டியவர்கள் எதிரே டிராக்டர் பட்டறையில் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தார்கள்.

நாடகம் போட்டால் வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள் என்று கணக்குப் போட்டார். சந்தேகக்காரக் காதலனாக நடிக்க ஆள் இல்லாததால் அந்த வேஷத்தையும் அவரே கட்டிக்கொண்டார்.

“ஏம்மா, சிரமம் இல்லேன்னா உன் போனைக் கொஞ்சம் காட்டறியா?” என்று எதிரே நின்ற பெண்ணிடம் கேட்டார்.

அறையே கொல்லென்று சிரித்தது.

“சார், சந்தேகப்படற மாதிரியா இருக்கு? கைமாத்துக் கேக்கற மாதிரி இருக்கு,” என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி. “இருங்க, நான் சொல்லித் தர்றேன்.”

அவள் காதோடு சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு மனிதர் ஒரு பிடி பிடித்தார்.

“மூணு தடவை கூப்பிட்டேன், ஏன்டி எடுக்கலே? யாரோட சிரிச்சுப் பேசிட்டிருந்தே? இனிமே என்னைக் கேக்காம வாசப்படி தாண்டினே, நடக்கறதே வேற!”

ஜன்னல் திறந்திருந்தது. பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. அடுத்த நிமிஷம், தையல்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிற மெக்கானிக், கையில் ஸ்பேனரோடு உள்ளே பாய்ந்தான். பின்னாலேயே பட்டறைக் கூட்டமும் வந்தது.

“எவன்டா பொண்ணை மிரட்டறது?”

“தம்பி, இது நடிப்பு...”

“மாட்டிக்கிட்டா எல்லாப் பயலும் இதைத்தான் சொல்வான்.”

பதற்றம் வந்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொல்வது அவருடைய பாடம். அதன்படியே செய்தார்.

“மயக்கம் போடற மாதிரி பாவ்லா பண்றான்டா, விடாதே,” என்றான் பின்னால் நின்றவன்.

நடிப்புதான் என்று நிரூபிக்க அதே வசனத்தை இன்னும் உரக்கப் பேசிக் காட்டினார். அதோடு சட்டைக் காலர் மெக்கானிக்கின் கைக்குப் போய்விட்டது.

“அண்ணா, நிஜமாவே நாடகம்தான், விடுங்க,” என்று பெண்கள் எல்லோரும் கத்திய பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது. தையல்காரப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“நாடகமா இருந்தாலும் கேக்கவே ரத்தம் கொதிக்குது சார்,” என்றான் மெக்கானிக். “கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட ஒருத்தன் இப்படியா பேசுவான்?”

நிறைய நாற்காலிகள் காலியாக இருந்தன. வாசல் நிறைய பையன்கள் நின்றார்கள். விட்டால் கிடைக்காது என்று பயிற்சியாளர் காலரை நீவிக்கொண்டே கேட்டார்.

“சரி தம்பி, அந்த மாதிரி ஆளை என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க.”

மெக்கானிக் யோசித்தான். “அடிச்சா திருந்த மாட்டான் சார். இழுத்துட்டு வந்து உங்க கிளாஸ்ல முதல் வரிசையில உக்கார வைக்கணும். திருந்தற வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது.”

தையல்காரப் பெண் முதல் வரிசை நாற்காலி ஒன்றை முந்தானையால் துடைத்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காருங்க. நேத்து போன்ல நீங்க என்னைப் பேசினதைத்தான் சாருக்கு அப்படியே சொல்லிக் குடுத்தேன்.”