செவலைக்கு ஜிப்சம் போட்ட கதை

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி தர்மராஜ் அவர்களுக்கு,

செய்யூரிலிருந்து வாசுதேவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சரோஜாவும், எங்கள் நாய் செவலையும் அது போட்ட ஐந்து குட்டிகளும் நலம். சிங்கப்பெருமாள் கோயிலில் தாங்களும், தங்கள் வீட்டுக்கு வாழவந்த என் மகள் கவியாவும் நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

ஐந்தும் முத்து முத்தாக இருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த ஊரில் ஒரு நாய்க்கு இப்படிப் பிரசவம் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். முப்பது வருஷம் கடலை போட்டவன் நான். நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தால்தான் காய் திரளும் என்பது தங்களுக்கும் தெரியும். செவலை சினையாகி நாற்பத்தைந்தாம் நாள் வந்ததும், செடிக்கே சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றால் வாயில்லா ஜீவனுக்கு வேண்டாமா என்று யோசித்து நேராக மருந்துக் கடைக்குப் போய் கால்சியம் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கேட்டேன், கடைக்காரர் யாருக்கு என்றார், நான் “வூட்லதான், மாசமா கீது” என்றேன், எனக்கு வயது அறுபத்து நாலு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை, மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அந்தக் கடைக்காரர் மனைவி தெய்வநாயகி சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு “இன்னா சரோஜா, இந்த வயசுலயா?” என்று கேட்டிருக்கிறாள். அன்று எனக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லை.

செவலைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாத்திரையைக் கருவாட்டுக்குள் வைத்து வேளைக்கு இரண்டாகக் கொடுத்தேன். போதாததற்கு என் சிநேகிதர் ஆல்வின் திருவிடந்தையிலிருந்து மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை கொண்டுவந்து தந்தார், அதையும் கொடுத்தேன். நாலாம் நாள் செவலை வாந்தி எடுத்துவிட்டு, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் படுத்துவிட்டது. “நாயி முக்கிகினு கீது, நீ இன்னும் மாத்திரைய நசுக்கிகினு கீறியே, இன்னாய்யா மனுசன் நீ?” என்று சரோஜா கத்தினாள். உடனே ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவர் ஜெசிந்தாவிடம் கொண்டுபோனவன் நான்தான்.

அந்தம்மா மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். “ஐயா, இது கடலைச் செடி இல்ல. மாசமா இருக்கறப்ப கால்சியத்த அள்ளிக் குடுத்தா, தன் எலும்புலேர்ந்து எடுத்துக்கற வேலைய உடம்பு கொறச்சிக்கும். குட்டி போட்டு பால் குடுக்கறப்ப திடீர்னு பத்தாம போயி நடுக்கம், வலிப்புன்னு உயிருக்கே ஆபத்தாயிடும். ஈரல் எண்ணெய் அளவு மீறினா குட்டிங்க ஊனமா பொறக்கலாம். என்னைக் கேக்காம எதையும் குடுக்காதீங்க. குட்டி நாய்ங்களுக்கு விக்கற தீவனத்த கொஞ்சம் கொஞ்சமா பல வேளையா குடுங்க, போதும்” என்றார். நானும் விடவில்லை. நிமிர்ந்து நின்று, கேள்விமேல் கேள்வி கேட்டு, எல்லாவற்றையும் தெளிவாக்கிக்கொண்டேன்.

அறுபத்திரண்டாம் நாள் காலை செவலை குட்டி போட்டது. அந்த நடுக்கம் வருகிறதா என்று இருபது நாளாக அதன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. அதற்கு யார் காரணம் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. தாங்கள் கேட்டபடி ஒரு குட்டி தங்களுக்குத்தான். தை பிறந்ததும் கூடையோடு வாருங்கள்.

மாப்பிள்ளையும் கவியாவும் நூறாண்டு வாழ எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வாசுதேவன்

பி.கு.: அண்ணே, சரோஜா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். ஆட்டோ புடிச்சது நானு. டாக்டரம்மா சொல்லி முடிச்சதும் இவரு ஒரு கேள்வியும் கேக்கல. “என் கையாலயே கொல்லப் பாத்தனே”ன்னு நாயக் கட்டிப் புடிச்சிகினு அழுதாரு, அதுதான் இவரு மூஞ்ச நக்கித் தேத்துச்சு. கூடை எடுத்துகினு வராதீங்க. ஒரு குட்டியும் தரமாட்டாரு, அஞ்சுக்கும் பேர் வெச்சாச்சு. மத்ததெல்லாம் தள்ளிவுட்டுட்டு மொதல்ல பால் குடிக்கற குண்டுக் குட்டிக்கு உங்க பேரு.