மாடியறைத் தோல் பட்டறை

அய்யா, உங்களைத்தான். முகத்தைக் காட்டாமல் இரண்டு கையை மட்டும் காட்டித் தோல் வேலை சொல்லிக் கொடுக்கும் வீடியோக்காரரே! உங்கள் பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மனிதர் தான் கட்டிய வீட்டில் தனக்கே இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே முடங்கிக் கிடக்கிறார் என்றால், அந்தப் பாவம் உங்கள் இரண்டு கையையும்தான் சேரும். தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

அந்த மனிதர் சென்னிமலை. பழைய லேத்து, பழைய மோட்டார், மூடின மில்லின் கதவு ஜன்னல் என்று வாங்கி விற்று ஆளானவர். பள்ளிக்கூடம் அவரை எட்டாவதில் கைகழுவியது. அன்றிலிருந்து விலை கேட்பதுதான் படிப்பு. மருந்துக் கடையில் மாத்திரை அட்டைக்குப் பேரம் பேசுவார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிறவர் இவர் தலையைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கோபம் வேறு. இட்லி கொஞ்சம் கல்லாகிவிட்டால் முத்தாத்தாளைத் திட்டப் பயந்துகொண்டு, அரிசி மண்டிக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

முத்தாத்தாள் என்பது அவர் மனைவி.

கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஓய்வுக்கென்று வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினார் சென்னிமலை. ஏசி உண்டு. கட்டில் உண்டு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மேலே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், கலெக்டரே வந்தாலும் கீழேதான் உட்கார வேண்டும். பிறந்ததிலிருந்து யாரோடும் பேரம் பேசாமல் அவர் அனுபவித்த ஒரே இடம் அது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு நாள் காபியோடு வந்தது.

"ஏனுங்க, பாலகோபால் பொள்ளாச்சி ஊட்டை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டறானுங்க. ஊடு முடியற வரைக்கும் நம்மகிட்ட இருந்துக்கட்டுமுங்களா?"

"இருக்கட்டும். ஹால்ல சோபா கெடக்குதல்ல."

"அவனுக்கு முதுகு வலிங்க. கட்டில் வேணும். ஏசி இல்லாட்டித் தூக்கமும் வராதுங்க."

பாலகோபால் முத்தாத்தாளின் தம்பி. அறிவுரை சொல்வதற்கென்றே பிறந்தவர். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தால் "எதிர்ப்பக்கம் சுத்துனா இன்னும் காத்து வருமுங்க மச்சான்" என்பார். படுத்தால் குறட்டை, தெருநாய்கள் அதற்குப் பதில் சொல்லும். வீடு முடிகிற வரைக்கும் என்றால் என்ன அர்த்தம்? அஸ்திவாரத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவே கொத்தனார் தன் மகளைக் கட்டிக் கொடுத்துப் பேரனுக்குக் காதுகுத்தும் வைத்துவிடுவார்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மச்சினனுக்கு இடமில்லை என்று சொன்ன சேதி, அவர் சொல்லி முடிக்கும் முன்னே அன்னூர் தாண்டிவிடும். சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் அதை மென்றுகொண்டே விருந்து சாப்பிடும். ஆகவே, ஆள் வரலாம், ஆனால் அறை காலி இல்லை என்று ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அய்யா, செல்போனில் உங்கள் கைகள் வந்தன. 'மன அமைதிக்குத் தோல் வேலை' என்று தலைப்பு. கத்தி, குத்தூசி, பசை, சாயம், நெடி. சென்னிமலை துள்ளி எழுந்தார். இப்படி ஓர் அறையில் ஒறம்பரையைப் படுக்க வைப்பார்களா?

"முத்தா, மேல் ரூம்ல தோல் பட்டறை வெக்கறேன். டாக்டர் மனசுக்கு ஏதாச்சும் செய்யச் சொன்னாரு."

"எந்த டாக்டருங்க?"

"பொதுவாச் சொன்னாரு."

"செருப்புத் தைக்கப் போறீங்களா?"

"அது தொழிலு. இது ஹாபி."

"பஸ் ஸ்டாண்டு வெயில்ல உக்காந்து தெச்சாத் தொழிலு, ஏசியில உக்காந்து தெச்சா ஹாபிங்களா?"

"இப்பப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க. செய்யுங்க."

அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். முத்தாத்தாளின் அப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் பேர்போன தரகர். துண்டைப் போர்த்தி அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா, அதில் மன்னன். வாயைத் திறக்கவே மாட்டார். விற்றவனும் தான்தான் ஜெயித்தோம் என்று போவான், வாங்கினவனும் தான்தான் ஜெயித்தோம் என்று போவான். காளை பார்க்கப் போன சென்னிமலையின் அப்பா, மருமகளைப் பேசி முடித்துக்கொண்டு வந்தது அந்தத் துண்டுக்கடியில்தான். காளை இன்னும் வரவில்லை.

சென்னிமலை உக்கடம் போனார். அப்துல் முத்தலிப்பின் தோல் கடை.

"பெல்ட்டுக்குங்களாண்ணா? முதுகுப் பக்கம் எடுத்துக்குங்க. இறுக்கமா நிக்கும்."

"இது என்ன, இவ்வளவு சல்லிசாச் சொல்றீங்க?"

"அது வயித்துப் பக்கமுங்க. இழுத்தா இழுபடும்."

"வயித்துல கட்டற பெல்ட்டுக்கு வயித்துத் தோல்தானுங்க பொருத்தம். இன்னுங் கொறச்சுப் போடுங்க."

பெல்ட் தயாரானது. காலையில் சிக்கென்று இருக்கும். சாயங்காலம் வேட்டியோடு சேர்ந்து இறங்கும். தினம் ஒரு புது ஓட்டை போட வேண்டி வந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. முதுகுத் தோல் என்று நீங்களும் தொண்டை கிழியச் சொன்னீர்கள். இரும்புச் சுத்தியால் ஓட்டை போடும் உளியை அடிக்காதே, மரச் சுத்தி வாங்கு என்றீர்கள். தன் பழைய சாமான் கடையில் இரும்புச் சுத்தி சும்மா கிடக்கிறது என்று அவர் அதையே எடுத்து அடித்தார். உளித் தலை காளான் மாதிரி விரிந்தது. தோலை வெட்டும் முன்னே அட்டையில் அளவு வெட்டிப் பார், தையலுக்கு ஓரம் விடு என்றீர்கள். அட்டை தண்டம் என்று நேரே தோலில் கத்தி வைத்து, முத்தாத்தாளுக்குச் செல்போன் பை தைத்தார். பை நன்றாக இருந்தது. செல்போன்தான் உள்ளே போகவில்லை.

"பரவால்லீங்க, கத்தரிக்கோல் வெச்சுக்கறேன்" என்றாள் முத்தாத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கையும் பார்த்தாள். "எதுக்குங்க ரெண்டு ஊசி?"

"ஒரே நூலு, ரெண்டு முனையிலயும் ஊசி. ஒரே ஓட்டையில இந்தப் பக்கமிருந்து ஒண்ணு, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு. ஒரு தையல் அறுந்தாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும்."

"குடும்பமாட்டங்க."

"ஆமா. ஆனா ரெண்டு முனையையும் இழுக்கறது நாந்தான்."

"அப்படிங்களா?" என்றவள், "அந்த வீடியோவ எனக்கும் அனுப்பி உடுங்க. நானும் பாக்கறேன்" என்றாள்.

பெருமையில் அனுப்பிவிட்டார். அங்கேதான் விதி.

அடுத்த வாரமே உங்கள் கைகள் புதிதாக ஒன்று போட்டன. உளி அடிக்கும்போது மேசை துள்ளினால் ஓட்டை கோணும். மாடித் தளம் அதிரும். தரையோடு தரையாகக் கிடக்கிற கனமான கருங்கல்மேல் வைத்து அடித்தால் ஒரே அடியில் சுத்தமாக இறங்கும். சென்னிமலைக்குச் சுருக்கென்றது. தன் ஓட்டை எல்லாம் கோணியிருந்த காரணம் இதுதானா! வீட்டில் அப்படிக் கல் ஒன்றே ஒன்று: பின்கட்டுப் பொடக்காளியில் துணி துவைக்கிற கல்.

"முத்தா, அந்தத் துவைகல்லு எனக்கு வேணும்."

"அய்யோ, அது என்ற கல்லுங்க, எனக்குன்னு போட்டதுங்க! நான் எங்கீங்க தொவைப்பேன்?"

"வாஷிங் மிஷின் இருக்குதல்ல!"

"மிஷின்ல காலர் அழுக்குப் போகாதுங்களே..."

அரை மணி நேரம் பேசிக் கல்லைப் பிடுங்கினார். முத்தாத்தாள் பெருமூச்சு விட்டாள். சென்னிமலை அன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பிறகு உங்கள் கைகள் சாயத்துக்கு வந்தன. பசையும் சாயமும் மூடின ஏசி அறையில் ஆகவே ஆகாது, நெடி தலைக்கேறும், காற்றோட்டமான இடத்தில் நிழலில் காய வை. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் கொஞ்ச நாளாகத் தலை கிறுகிறுவென்றுதான் இருந்தது.

"பொடக்காளித் தகரக் கொட்டாயும் எனக்கு வேணும்."

"தேங்கா போட்டு வெச்சிருக்கேனுங்க!"

"தேங்காயைச் சமையக்கட்டுக்குக் கொண்டு போ."

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க. நான் எதைக் கேட்டிருக்கேன் இந்த ஊட்டுல?" முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. ஜெயித்த மயக்கம்.

ஆக மேலே மிஞ்சியது தோலும் சாமானும் மட்டும். அதற்கும் வந்தீர்கள். தோலை வெயில் விழும் அறையில் வைக்காதே, விறைத்துப்போகும். பிளாஸ்டிக் பையில் கட்டாதே, பூசணம் பூக்கும். குளுகுளுவென்று, வெளிச்சம் படாத, காற்று மட்டும் வருகிற மூலையில் சுருட்டி வை. மேல் அறைக்குச் சாயங்கால வெயில் நேரே அடிக்கும். வெளிச்சம் படாத மூலை எது? மாடிப்படிக்குக் கீழே. செருப்பு ஸ்டாண்டு இருந்த இடம்.

"அந்த எடமும் வேணுமுங்களா?" முத்தாத்தாள் குரல் நடுங்கியது.

"எடம் மட்டுமில்ல. ஒரு ஃபேன் வேணும். டியூப் லைட்டு வேணும். சாஞ்சுக்கற சேர் வேணும். கதவு அடிச்சுப் பூட்டும் வேணும். சாவி என்கிட்டத்தான் இருக்கும்."

"பூட்டு வேண்டாமுங்க... ஊட்டுக்குள்ளயே பூட்டுன்னா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பூட்டு வேணும்!"

"சரி, உங்க பிரியமுங்க."

பூட்டும் கிடைத்தது. அத்தனை கோரிக்கையும் ஒன்று விடாமல் ஜெயித்த ஒரே புருஷன் இந்தக் கோயமுத்தூரில் தான்தான் என்று, சென்னிமலை புதுச் சாவியைப் பூணூல் மாதிரி நூலில் கோத்துத் தோளோடு மாட்டிக்கொண்டார். படிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்து, தோல் ஓரத்தை ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். யாரோ பெட்டி தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார்கள்.

வெளியே எட்டிப் பார்க்க எழுந்தவர் தலை படியில் இடித்தது. மேலிருந்து குரல் கேட்டது.

"பாத்து மச்சான்! அந்த எடத்துல குனிஞ்சு எந்திரிக்கோணும்."

பாலகோபால்.

"முத்தா! இவன் எங்க போறான்?"

"மேல் ரூமுக்குங்க. அதான் காலியாத்தானுங்க இருக்குது."

சென்னிமலை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுத்தி பொடக்காளியில். சாயம் கொட்டாயில். தோல் படிக்கடியில். சாவி தோளில். மேலே ஏசி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும்.

மனசு ஆறாமல் அவர் செல்போனைத் திறந்தால், அய்யா, அங்கே மறுபடி நீங்கள். கைகளைக் கூப்பிக் கும்பிட்டுச் சொன்னீர்கள்: "சமீபத்துல நான் போட்ட வீடியோ எல்லாமே கோயமுத்தூர் முத்தாத்தாள் அக்கா கமெண்ட்ல கேட்ட கேள்விக்குப் பதிலுங்க. மாடியில உளி அடிக்கலாமா, ஏசி ரூம்ல சாயம் பூசலாமா, சாயங்கால வெயில் ரூம்ல தோல் வெக்கலாமான்னு எவ்வளவு நுணுக்கமாக் கேக்கறாங்க பாருங்க! இப்படிப்பட்ட அக்கா கெடைக்க அவங்க ஊட்டுக்காரர் குடுத்து வெச்சவருங்க."

சென்னிமலை சமையலறைக்குப் பாய்ந்தார்.

"ஏ முத்தா! திட்டம் போட்டு என்னைக் கீழ எறக்கிப்போட்டியே!"

முத்தாத்தாள் கடுகு தாளித்துக்கொண்டே திரும்பினாள். "நான் எங்கீங்க எறங்கச் சொன்னேன்? கல்லு கேட்டீங்க, குடுத்தேன். கொட்டாய் கேட்டீங்க, குடுத்தேன். பூட்டு வேண்டாம்னு எவ்வளவு கெஞ்சுனேன்? ஒண்ணுலயாச்சும் நான் ஜெயிச்சேனுங்களா?"

சென்னிமலை சாவியைத் தடவிக்கொண்டே படிக்கடிக்குத் திரும்பினார்.

இப்போது சொல்லுங்கள் அய்யா, இது நியாயமா? சொன்னதெல்லாம் உண்மைதான் என்று சாதிக்காதீர்கள். உண்மையைக் கேட்ட ஆளுக்கு மட்டும் சொல்லுவதா? இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு வீடியோ போடுங்கள். தோல் வேலைக்கு மாடி அறையைப் போல் உத்தமமான இடம் உலகத்திலேயே கிடையாது, ஏசி இருந்தால் இன்னும் விசேஷம், பக்கத்தில் யாரும் குறட்டை விடக்கூடாது, தையல் கோணும் என்று அந்தக் கையாலேயே அடித்துச் சொல்லுங்கள். செய்த பாவத்துக்கு நீங்களே பரிகாரம் செய்தாக வேண்டும். கேள்வி இன்று சாயங்காலமே சென்னிமலை பேரில் உங்களுக்கு வந்து சேரும். அவருக்குக் கமெண்ட் அடிக்கத் தெரியாது. முத்தாத்தாளைத்தான் அடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.