சுனையை அடகுவைத்த கரடியார்

ஒரு காட்டில் எந்தக் கோடையிலும் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அது எல்லோருக்கும் பொது என்று மிருகங்கள் நினைத்துக்கொண்டிருந்தன. ஆகவே அதைப் பற்றி ஒன்றுகூட யோசிக்கவில்லை.

அந்தக் காட்டின் வனமன்ற உறுப்பினர் ஒரு கரடி. மற்ற மிருகங்கள் வரும், போகும். கரடியார் மட்டும் வருவார், போவார். பெரும்பாலும் போவார். வருவது தேர்தல் சமயத்தில்.

மாசிக் கடைசியில் ஒரு காலை, சருகுமான் ஒன்று தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனது. சருகுமானுக்குப் பெயரில்தான் மான். ஆள் முயல் அளவுதான். சுனையருகில் பக்கத்து மலைக் குரங்கு ஒன்று நீளமான கொடியை வைத்து அளந்துகொண்டிருந்தது.

“என்னங்க அளக்கறீங்க?” என்று சருகுமான் கேட்டது.

“வேலி போடணும்மா. உங்க கரடியார் எங்க மலையில பலாப்பழம் கடன் வாங்கியிருக்கார். இந்தச் சுனையைத்தான் அடகு வச்சிருக்கார். பங்குனிக்குள்ள திருப்பித் தரலைன்னா, சித்திரை ஒண்ணுலேருந்து ஒரு வாய் தண்ணிக்கு ஒரு சுளை.”

“எவ்வளவு கடன்?”

குரங்கு கொடியைச் சுருட்டியபடி யோசித்தது. “மரத்துல தொங்கறதை விட்டா எங்க மலைப் பழம் பூராவும்னு வச்சுக்கங்க.”

குட்டி சுனையில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அது இன்னும் ஒரு கோடையைக்கூடப் பார்த்ததில்லை.

பங்குனியில் தேர்தல். கரடியார் வந்தார். ஆலமரத்தடியில் பொதுக்கூட்டம் கூடியது. அவர் தம் சாதனைகளைச் சொன்னார்.

“காட்டின் கிழக்கு எல்லையில் அலங்கார வளைவு! மேற்கு எல்லையில் அலங்கார வளைவு! இரண்டுக்கும் நடுவே பாதை போட அடிக்கல்! அடிக்கல் நனையாமலிருக்க அதற்கு ஒரு கூரை! அந்தக் கூரைக்குத் திறப்பு விழா! வளைவுக்குள் நுழைய முடியவில்லை என்று யானைகள் வைத்த கோரிக்கையை ஏற்று, அவை சுற்றிக்கொண்டு போவதற்கு வழிகாட்டிப் பலகை!”

யானைகள் நன்றியோடு தலையாட்டின.

சருகுமான் ஒரு புற்றின் மேல் ஏறி நின்றது. “ஐயா, இதுக்கெல்லாம் சுனையை அடகு வச்சு நீங்க கடன் வாங்கினது நிஜமா?”

கரடியார் கோபப்படவில்லை. அவர் பழைய ஆள்.

“நான் பதவிக்கு வரும்போது இந்தக் காட்டை நம்பி ஒரு பலாக்கொட்டை தர ஆள் இருந்ததா? இன்றைக்கு ஒரு மலையே நம்பித் தருகிறது. பக்கத்துக் காட்டுக்கு ஒரு பழம் கடன் உண்டா? கிடையாது. யார் தருவார்கள் அவர்களுக்கு?”

கைதட்டல் எழுந்தது. பக்கத்துக் காட்டை நினைத்து ஒரு காட்டுப்பன்றி “பாவம்” என்றது.

“கணக்கை யாருங்க பாக்கறது?” என்று மறுபடி கேட்டது சருகுமான்.

“தணிக்கைக்கு ஆந்தையாரை நியமித்திருக்கிறேன். தணிக்கைக் கூட்டம் எப்போதும் உச்சிவெயிலில் நடக்கும். அவர் இதுவரை ஓர் ஆட்சேபணைகூட எழுப்பியதில்லை.”

“எப்படித் திருப்பிக் கொடுக்கப் போறோம்?”

“அருமையான கேள்வி” என்றார் கரடியார். அந்தக் காட்டில் தலைவர் ஒரு கேள்வியை அருமை என்று சொல்லிவிட்டால், கேட்டவருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். கரடியாரே இறங்கி வந்து போர்த்தினார். அது கரடிகளுக்கு நெய்த பொன்னாடை. சருகுமானின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மேளம் முழங்கியது. உள்ளேயிருந்து அது என்னவோ சொன்னது. யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் காடு முழுக்க ஃபிளெக்ஸ் பேனர்: ‘சருகுமானே போற்றும் சாதனைச் செம்மலே!’

சருகுமானுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு வளை வளையாக, புதர் புதராகப் போய் விஷயத்தைச் சொன்னது. அலங்கார வளைவைக் குடிக்க முடியாது என்று சொன்னது. இந்தமுறை எல்லோருக்கும் புரிந்தது. “நம்ம தண்ணியையா வச்சுத் தின்னான் அந்தக் கரடி?” என்று முயல் கொதித்தது. அவரைக் காட்டில் யாரும் ‘அவன்’ என்றது அதுதான் முதல் தடவை. ஓர் ஓட்டு விழாது என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. சருகுமானுக்கு நம்பிக்கை வந்தது. பாவம், அதற்கு அதுதான் முதல் தேர்தல்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வீட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்தது. மரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததையும் கரடியார் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது.

சருகுமான் முயலின் வளைக்கு ஓடியது. “தம்பி, அதைத் தொடாதே. இதுவும் கடன்தான். இது நம்ம தண்ணிடா.”

முயல் பழத்தை உருட்டி உள்ளே வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசியது. “நீங்க சொல்றது நியாயம்தான்க்கா. ஆனா கடன் வாங்கியாச்சு. நான் தின்னாலும் கடன்தான், தின்னாட்டியும் கடன்தான். நம்ம தண்ணியை வச்சு வந்த பழத்தை நாமளே தின்னாம வேற யாரு தின்றது?”

சருகுமானுக்குப் பதில் வரவில்லை. கதை சொல்லும் எனக்கும் இன்றுவரை வரவில்லை.

“சரி, தின்னுக்கோ. ஓட்டையாவது மாத்திப் போடு.”

முயலுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பழத்தை வாங்கிட்டு எப்படிக்கா மாத்திப் போடறது? கரடியார் நம்பிக் குடுத்திருக்காரு. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?”

சருகுமான் வீடு திரும்பியபோது வாசலில் அதன் பங்குப் பழம் இருந்தது. முகத்தால் முட்டி அதைச் சரிவில் உருட்டிவிட்டது.

“நல்லா மணக்குதேம்மா” என்றது குட்டி.

“அது வேண்டாண்டா கண்ணு.”

பழம் உருண்டு மறையும்வரை குட்டி பார்த்துக்கொண்டே நின்றது. சருகுமானுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கரடியார் ஒரே ஒரு ஓட்டைத் தவிர எல்லா ஓட்டும் வாங்கி ஜெயித்தார். அந்த ஓர் ஓட்டு ஏன் விழவில்லை என்று ஆராய ஒரு குழு அமைத்தார். குழுவின் செலவுக்குக் கடன் வாங்கினார்.

சித்திரை பிறந்தது. சுனையைச் சுற்றி வேலி வந்தது. வேலியைக் கரடியாரே நாடா வெட்டித் திறந்துவைத்தார். மிருகங்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் கையிலும் சுளை இருந்தது. தேர்தல் பழத்தில் பாதியை எல்லாம் மிச்சம் பிடித்து வைத்திருந்தன. முயல் சுளை சுளையாகக் கொடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, “அன்னைக்கே சொன்னேனேக்கா” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனது.

சருகுமானின் முறை வந்தது. வாசலில் அதே குரங்குதான் உட்கார்ந்திருந்தது.

“சுளை?”

“எங்க வீட்டுக்கு வந்த பழத்தை நான் வாங்கலைங்க.”

குரங்கு எழுந்து நின்று கும்பிட்டது. “அந்த ஒரு ஓட்டு நீங்கதானாம்மா? மலையில எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பெருமையாப் பேசிக்கறோம்.”

“கொஞ்சம் தண்ணி குடுங்க. புள்ளை காலையிலேருந்து தவிக்குது.”

“அதுக்குச் சுளை வேணும்மா.”

கரடியார் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கு மனசு இளகியது. மடியிலிருந்து ஒரு சுளையை எடுத்து நீட்டினார். “எதற்கம்மா சங்கடப்படுகிறீர்கள்? கடனாக வைத்துக்கொள்ளுங்கள்.”

“அடகு வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே.”

“அடுத்த தேர்தலில் ஓர் ஓட்டு இருக்கிறதே” என்றார் கரடியார்.

சருகுமான் குட்டியைப் பார்த்தது. அதன் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சருகுமான் சுளையை வாங்கிக் குரங்கிடம் கொடுத்தது. குட்டி ஓடிப்போய் ஒரு வாய் குடித்தது. பிறகு நிமிர்ந்து, “இன்னொரு வாய்ம்மா” என்றது.

நீதி: கடனைப் பற்றிக் கேள்வி கேட்க நினைப்பவர்கள், முதலில் தங்கள் பங்குப் பழத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டை வறண்டால் கேள்வி எழும்பாது.