லீசுப் பணத்தில் வீடு கட்டுகிறவர்

வீட்டுக்காரர்களில் ஒரு வகை உண்டு. வீடுகள் நிறைய இருக்கும். வாடகை மட்டும் ஒரு பைசா வராது. பழவேற்காட்டுப் பக்கம் வந்தீர்களானால், முழு வளர்ச்சியடைந்த ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் திருவேங்கடம்.

இறால் பிடித்துச் சேர்த்த பணத்தில் கீழே இரண்டு வீடு கட்டினார். வாடகைக்கு விட்டிருக்கலாம். விடுவாரா? லீசுக்கு விட்டார். குடிவருகிறவர் மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுப்பார், வாடகையில்லாமல் இருப்பார், காலி செய்யும்போது முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்தில் முதல் மாடி, அதையும் லீசுக்கு விட்டு இரண்டாவது மாடி. அங்கே ஒரு வீட்டை மட்டும், "கட்டுறவன் பொண்டாட்டிக்கு ஒரு வூடு வேணாமா?" என்று மனைவி இருசம்மாள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். மற்றது லீசு.

"எல்லாரும் துட்டைத் திருப்பிக் கேட்டா இன்னா பண்ணுவே?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

"ஏரியில பாடு எப்படி நடக்குது? இன்னிக்கு ஒருத்தன் வலை போடுற முறை, நாளைக்கு இன்னொருத்தன் முறைனு சுத்தி வருதில்ல? அதே மாதிரிதான். ஒருத்தர் போனா அடுத்தவர் துட்டோட வருவாரு."

ஆனால் ஏரியில் யாரும் நாளைய முறையின் மீனை இன்றைக்கே விற்றுத் தின்பதில்லை. இவர் தின்றிருந்தார். கீழ்வீட்டு ஜலீல் பாய் காலி செய்வதற்கு ஆறு மாதம் முன்பே, அங்கே வரப்போகும் சுதா டீச்சரிடம் மூன்று லட்சம் வாங்கி, மொட்டைமாடியில் எட்டுத் தூண் எழுப்பிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாமான் ஏத்துறேன். என் துட்டு?" என்றார் ஜலீல் பாய்.

"தூணுல இருக்குது பாய்."

"ஒடைச்சு எடுத்துக்கட்டுமா?"

"பதறாதீங்க. வியாழக்கிழமை ஒரு பார்ட்டி வருது."

வந்தது. நேராக இரண்டாவது மாடிக்கு ஏறி, இருசம்மாளின் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தது.

"யோவ், யாருய்யா இவங்க?"

"நம்ம வூட்டுக்கு லீசுக்கு வர்றவங்க."

"அப்ப நாம?"

கையை மேலே காட்டினார். "தூணு நிக்குதில்ல?"

"சுவரு?"

"அதுக்கு ஒருத்தர் வரணும்."

ஜலீல் பாயின் பணம் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. இருசம்மாள் தூண்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி உலை வைத்தாள். புருஷனிடம் பேசவில்லை. அவருக்கும் அதற்கு நேரமில்லை. இதற்கும் மேலே இன்னொரு மாடி தாங்குமா என்று மேஸ்திரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். பிற்பாடு உதவும் என்று வெட்டாமல் விட்ட கம்பிகள் அங்கே எத்தனை நீட்டிக்கொண்டிருக்கின்றன?