சூடைமீனுக்குக் கற்காப்பு செல்லுமா

மனிதன் உருமாறும்போது அவன்மேல் இருந்த வரமும் சாபமும் எங்கே போகின்றன? உடலோடு உதிர்ந்துவிடுகின்றனவா, உயிரோடு ஒட்டிக்கொண்டு வருகின்றனவா? முனிவர்களும் அரசர்களும் மறைநூல் வல்லோரும் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. இதற்கு முடிந்த முடிவு சொல்லும் பொறுப்பு, ஒரு ஞாயிறு பின்னேரம், மன்னார் உப்புக்குளத்தில் முஹைதீனின் போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில், சிங்கராசாவின் தலையில் வந்து விழுந்தது. அப்போது அவன் வாயில் பகோடா இருந்தது.

“நான் சூடைமீனா மாறுறன்,” என்று அன்ரோனெற் சொல்லியிருந்தாள்.

சிங்கராசாவுக்குப் புரைக்கேறியது. முஹைதீன் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தான்.

“சூடையோ?”

“ஓம் அண்ணை. சின்னச் சூடை.”

“அன்ரோனெற், முன்னால பூதம் நிக்குது. அதின்ர கையில ஈட்டி. நீங்கள் நிக்கிறது கோட்டை முற்றத்தில. சுத்திவரச் சொட்டுத் தண்ணி இல்லை.”

“தெரியும் அண்ணை.”

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்துகொண்டு, ‘நான் இதைச் செய்யிறன், அதைச் செய்யிறன்’ என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். பகடைக்கும் விளங்காத இடத்தில் கதை சொல்பவர் தீர்ப்புச் சொல்லுவார். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினால் அதட்டி உள்ளே கூப்பிடுவார்கள். வளர்ந்தவர்கள் புத்தகம் வைத்து விளையாடினால் மன்றம் என்பார்கள்.

‘மன்னார் மாயக்கதை மன்ற’த்தின் கதைவேந்தர் சிங்கராசா. பட்டத்தை அவனே யோசித்து அவனே ஏற்றுக்கொண்டான். கிழமை நாட்களில் அவன் ஒரு மீன்பிடிச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். அங்கே அவன் கேட்டால் மின்விசிறியைக்கூட ஒருவரும் போடமாட்டார்கள். இங்கே அவன் சொன்னால் மழை பெய்யும்.

மன்றத்துக்கு யாப்பும், அதாவது எழுதிவைத்த விதிகளும், உண்டு. அதில் அவன் மிகவும் பெருமைப்பட்ட விதி இது: உயிரோடு இருக்கும் பாத்திரத்துக்கு உரியவர் ஞாயிறு பின்னேரம் வந்தே ஆகவேண்டும், செத்த பாத்திரத்துக்கு உரியவர் கதை முடியும்வரை படியேறக் கூடாது. எல்லோரும் விதிப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அந்த விதியை எழுதியபோது மன்றத்தில் இருந்தவர்கள் முஹைதீனும், கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துத் தில்லைநாதனும் மட்டுந்தான். இருவரில் யார் செத்தாலும் சிங்கராசாவுக்கு நித்திரை கெடாது.

பிறகுதான் அன்ரோனெற் வந்தாள். விஞ்ஞான ரீச்சர். நினைத்த மிருகமாக உருமாறும் வனமாயி என்ற பாத்திரத்தை எடுத்தாள். அன்றிலிருந்து அந்த விதியின் பின்பாதியை எழுதியதற்காகச் சிங்கராசா தன்னையே திட்டிக்கொண்டான்.

நத்தார்ப் பண்டிகை கழியட்டும், தை மாதம் அவளுடைய தாய் மாக்கிறட் அன்ரியிடம் நேரே போய்ப் பெண் கேட்பது என்று அவன் தீர்மானித்திருந்தான். அதுவரை அவள் ஞாயிறு தவறாமல் இந்தப் படி ஏறவேண்டும். அதற்கு வனமாயி சாகக் கூடாது.

வனமாயியோ கொஞ்சக் காலமாகக் கண் மண் தெரியாமல் நடந்துகொண்டிருந்தாள். முதலையின் வாய்க்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தாள். தூங்கும் புலியை மூக்கில் சுண்டி எழுப்பினாள். ஒவ்வொரு முறையும் சிங்கராசா ஒரு முனிவரையோ திடீர்ப் புயலையோ அனுப்பி அவளைக் காப்பாற்றினான். இவ்வளவு துணிச்சலுள்ள பெண்ணை அவன் கண்டதில்லை. காதல் முற்றியது.

“சூடையா மாறினா மாறினதுதான்,” என்றான் தில்லைநாதன். “பூதம் ஈட்டியால குத்துது. ஆள் முடிஞ்சுது.”

“பொறு, பொறு,” என்றான் சிங்கராசா. “கதையில காலமை நேரம் முனிவர் அவவுக்குக் கற்காப்பு மந்திரம் போட்டவர் எல்லோ. உடம்பு கல்லு மாதிரி. ஈட்டி ஏறாது.”

“அவர் போட்டது பொம்பிளையின்ர உடம்புக்கு. சூடைக்கு இல்லை.”

தில்லைநாதன் சாதாரண ஆள் இல்லை. குளத்துத் தண்ணீர் திறக்கும் கூட்டங்களில், எந்த வாய்க்காலுக்கு முதலில் என்று விடியவிடிய வாதாடிப் பழகிய பரம்பரை. விட்டுக்கொடுப்பது என்பது அவன் குடும்பத்தில் ஒருவருக்கும் வராத நோய்.

சிங்கராசா தொண்டையைச் செருமிக் கதைவேந்தர் குரலுக்கு மாறினான். “மந்திரம் உடம்புக்குப் போடுறதில்லை. உயிருக்குப் போடுறது. உருவம் மாறினாலும் உயிர் அதுதானே?”

“புத்தகத்தில எந்தப் பக்கத்தில கிடக்கு?”

“பக்கம் தேவையில்லை. ஞானஸ்நானம் எடுத்த ஒருத்தன் நாளைக்குச் சூடையா மாறினா, அவன்ர ஞானஸ்நானம் போயிடுமே?”

“என்னை ஏன் கேக்கிறாய்? நான் பிள்ளையார் கோயிலுக்குப் போறவன்.”

“என்னையும் கேக்காதை,” என்றான் முஹைதீன். “ஆனா சூடை எண்டாப் பொரிக்கிறதுதான் நல்லம்.”

“எனக்கென்னவோ தில்லை அண்ணை சொல்லுறதில ஞாயம் இருக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றாள் அன்ரோனெற் மெல்ல.

தன் உயிர் ஊசலாடும்போதும் நடுநிலை தவறாத அந்த உள்ளத்தை நினைத்துச் சிங்கராசா உருகினான். “தீர்ப்புச் சொல்லியாச்சு,” என்றான். “கற்காப்பு சூடைக்கும் செல்லும். ஈட்டி பட்டுத் தெறிக்குது.”

அன்ரோனெற் பெருமூச்சு விட்டாள். நிம்மதி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

“சரி,” என்றான் தில்லைநாதன். “மூச்சு?”

“என்ன மூச்சு?”

“மீன் தரையில கிடக்குது, ராசா. கல்லு மீன் எண்டாலும் மூச்சு விடோணுமே?”

மின்விசிறி கிறீச்சிட்டது. அன்ரோனெற்றின் முகம் மலர்ந்தது. “ஓம் என்ன! அதை நான் யோசிக்கேல்லை.”

சிங்கராசா, வனமாயியின் மேல் வேறு என்னென்ன மந்திரங்கள் இருக்கின்றன என்று அவசரமாக நினைத்துப் பார்த்தான். போன கிழமை ஆட்டத்தில், கடலில் இறங்குமுன் அதே முனிவர் ‘நீர்மூச்சு’ என்றொன்றை ஓதியிருந்தார். தண்ணீருக்குள் மனிதர் மூச்சு விடுவதற்கு.

“நீர்மூச்சு இருக்கு!” என்றான்.

“அது தண்ணிக்குள்ள மூச்சு விட. சூடைக்கு அது பிறப்பிலேயே இருக்கு.”

“அதுதான் சொல்லுறன். மந்திரத்தின்ர கருத்து என்ன? தனக்குச் சரிவராத இடத்தில மூச்சு விடுறது. மனுசருக்குத் தண்ணி சரிவராது. மீனுக்குக் காத்து சரிவராது. ஆனபடியா மீனா மாறினால் மந்திரமும் மற்றப் பக்கம் திரும்பும். சூடை காத்தில சுகமா மூச்சு விடுது.”

சொல்லி முடித்ததும் தனக்கே தன்மேல் மரியாதை வந்தது அவனுக்கு.

“அப்ப நான் திரும்பி மனுசியா மாறுறன்,” என்றாள் அன்ரோனெற் உடனே.

“நல்லது.”

“என்ன நல்லது?” தில்லைநாதன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். “மந்திரம் தனக்குச் சரிவராத இடத்தில மூச்சு விட எண்டாய், மனுசிக்குச் சரிவராதது தண்ணி. இப்ப அவ தண்ணிக்குள்ளதான் மூச்சு விடுவா. நிக்கிறது தரையில. மனுசி மூச்சு முட்டிச் சாகிறா.”

“அது திரும்பவும் திரும்பும்.”

“நினைச்ச நேரம் திரும்ப அது என்ன வாசல் படலையே?”

“ஓம் அண்ணை,” என்றாள் அன்ரோனெற். “எனக்கு இப்பவே மூச்சு முட்டுது.”

சிங்கராசாவுக்கும் முட்டியது. “மந்திரத்தின்ர நேரம் முடிஞ்சுபோச்சு!” என்று கத்தினான். “இந்தக் கணத்தோட முடிஞ்சுது. இனி அவவுக்கு எல்லாரையும் போல மூச்சு.”

“வடிவு,” என்றான் தில்லைநாதன். “கடற்கரையில வைச்சு முனிவர் கற்காப்பையும் நீர்மூச்சையும் ஒண்டா ஓதினவர் எண்டு நீதான் சொன்னாய். ஒண்டு முடிஞ்சால் மற்றதும் முடிஞ்சுது.”

“காலமை எண்டெல்லோ சொன்னனான்...”

“கடற்கரையில, கதைக்குள்ள அதே காலமை. முஹைதீன், சொன்னவனோ இல்லையோ?”

“சொன்னவன்தான்,” என்றான் முஹைதீன், பகோடாத் தட்டைத் துழாவியபடி. “முனிவருக்குத் தடிமன், மூக்கு ஓடுது எண்டும் சொன்னவன்.”

ஆக, தான் காப்பாற்றிக் காப்பாற்றி வனமாயியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடத்தைச் சிங்கராசா பார்த்தான். கற்காப்பு இல்லை. ஒன்றும் இல்லை. ஈட்டி எட்டும் தூரத்தில் பூதம்.

“அன்ரோனெற், ஓடலாம்,” என்றான் கெஞ்சும் குரலில். “பருந்தா மாறிப் பறக்கலாம். நல்ல பெரிய பருந்து.”

“இல்லை அண்ணை. நான் கழுதையா மாறுறன். மாறி, பூதத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன்.”

“ஏன்?”

அவள் ஒரு கணம் யோசித்தாள். “உதைக்க.”

முஹைதீன் சிரித்தான். “மன்னாரில கழுதையா மாறினால் எந்தக் கழுதையெண்டு பூதம் எப்பிடிக் கண்டுபிடிக்கும்? கடைவாசல்லயே ஒரு கூட்டம் நிக்குது.”

கடலில் தத்தளித்தவன் கையில் கட்டுமரம் அகப்பட்டது போலிருந்தது சிங்கராசாவுக்கு. “அதுதான்! கோட்டை முற்றத்திலயும் கழுதையள் நிக்குது!”

“எப்ப வந்ததுகள்?” என்றான் தில்லைநாதன்.

“முந்தியே நிண்டது. நான் சொல்ல மறந்துபோனன். அவவோட சேத்து இருபது கழுதை. பூதத்துக்கு ஆளைத் தெரியேல்லை. ஏதோ ஒண்டைக் குத்தும்.”

“அப்ப பகடையை உருட்டு. ஒண்டு விழுந்தால் வனமாயி. எல்லாரும் காண உருட்டோணும். அந்த மட்டைக்குப் பின்னால இல்லை.”

சிங்கராசா தன் முன்னால் நிறுத்தியிருந்த பிஸ்கற் பெட்டி மட்டையைத் தயக்கத்தோடு எடுத்தான். அதன் மறைவில் அவன் இதுவரை உருட்டிய பகடைகள் எல்லாம் வனமாயிக்கு நல்லதையே செய்து வந்தன. இப்போது பகடையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக் குலுக்கினான். அந்தோனியாரை நினைத்தான். இருபதில் ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உருட்டினான்.

பகடை மேசையில் ஓடி, தண்ணீர்ப் போத்தலில் முட்டி, திரும்பி, நின்றது.

ஒன்று.

அன்ரோனெற் தன்னை மறந்து கை தட்டிவிட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதிர்ச்சியில் சிலர் அப்படிச் செய்வதுண்டு என்று சிங்கராசா எங்கோ வாசித்திருந்தான்.

“செத்தது ஆர்?” என்று கேட்டான் தில்லைநாதன்.

“கழுதை.”

“கழுதை ஆர்?”

“கழுதை... கழுதைதான்.”

“டேய், கழுதை வனமாயி எல்லோ!”

“மந்திரம் உயிருக்கு, ஈட்டி உடம்புக்கு!” சிங்கராசா எழும்பிவிட்டான். “கழுதை உடம்புதான் செத்தது. உள்ளுக்கிருந்த மனுசி சட்டையைக் கழட்டின மாதிரி முழுசா வெளியில வாறா!”

சட்டை என்ற உவமையை அவன் தேர்ந்திருக்கக் கூடாது. தில்லைநாதன் இருமினான். முஹைதீன் தட்டுக்குள் பார்த்தான். சிங்கராசாவின் காதுமடல் சுட்டது.

“உடுப்போட வாறா,” என்று சேர்த்துக்கொண்டான். “உடுப்பும் உருமாறித்தான் இருந்தது. சீலை.”

“சரி,” என்றான் தில்லைநாதன். களைத்துப்போன குரல். “சீலையோட வாறா. பூதம் அங்கதான் நிக்குது. ஈட்டியைத் திருப்பி எடுத்திட்டுது. இப்ப என்ன செய்யிறா?”

“நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றாள் அன்ரோனெற். “கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன்.”

அவள் உண்மையாகவே கண்களை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த அமைதி சிங்கராசாவின் நெஞ்சைப் பிளந்தது. முனிவர்களும் புயல்களும் தீர்ந்துபோயிருந்தன. கழுதைகளும் தீர்ந்துவிட்டன. இனி ஒரு தீர்ப்புத்தான் மிச்சம். அதைச் சொன்னால் தில்லைநாதன் வாழ்நாள் முழுக்கப் பழிப்பான். பழிக்கட்டும்.

சிங்கராசா கையை உயர்த்தினான்.

“வானம் திறக்குது,” என்றான். “பேரொளி ஒண்டு இறங்குது. ஒரு குரல் கேக்குது. ‘வனமாயி, உன்ர துணிச்சலை மெச்சினோம். உனக்குச் சாகாவரம் தந்தோம். நீ மீனானாலும் கழுதையானாலும் ஈசலானாலும் இந்த வரம் செல்லும். எந்த மந்திரத்தாலயும் இதை எடுக்கேலாது. நீயே வேண்டாம் எண்டாலும் போகாது. இந்தக் கதை முடியுமட்டும் உனக்குச் சாவில்லை.’ பூதம் விழுந்து கும்பிடுது.”

கீழே கடைவாசலில் ஒரு கழுதை கத்தியது.

அன்ரோனெற் கண்ணைத் திறந்தாள். “கதை எப்ப அண்ணை முடியும்?”

“பயப்பிடாதேங்கோ,” என்றான் சிங்கராசா கனிவோடு. “கனகாலம் கிடக்கு.”

அவள் கண்கள் கலங்கின. சிங்கராசா தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினான். நன்றிக் கண்ணீரை இவ்வளவு கிட்டத்தில் அவன் முன்பு பார்த்ததில்லை. தில்லைநாதன் புத்தகத்தை மூடி, அதன்மேல் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டான். முஹைதீன் எழும்பிப்போய் யன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகளைக் கூட்டிப்போக வந்த மாக்கிறட் அன்ரி, ஸ்கூட்டர் ஹெல்மெற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாசலில் நின்றார். சிங்கராசா துள்ளி எழுந்து, தன் கதிரையைத் துடைத்து, “வாங்கோ அன்ரி, இருங்கோ” என்றான்.

மாக்கிறட் அன்ரி இருக்கவில்லை. மகளுடைய முகத்தைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் சாகேல்லையோ? நீ கட்டாயம் செத்திடுவாய் எண்டு நம்பி, வாற ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளை வீட்டாக்களை வரச் சொல்லிப்போட்டனே.”