காற்றுச் சுரங்கத்தில் ஒரு 'அப்பவே சொன்னவர்'

மனித குலத்தில் 'அப்பவே சொன்னவர்' என்று ஒரு பிரிவு உண்டு. கூரை ஒழுகட்டும், நிச்சயித்த கல்யாணம் நிற்கட்டும், எங்கிருந்தோ வந்து நிற்பார். முன்னால் வாயே திறந்திருக்க மாட்டார். திறந்திருந்தால் நேர்மாறாகத்தான் சொல்லியிருப்பார். அதனால் என்ன? ஞாபகம் அவருடையது, திருத்திக்கொள்ள அவருக்கு உரிமை இல்லையா?

அப்படி ஒருவரின் கீழ் வேலை பார்க்கும் பேறு, குளிரூட்டல் பொறியாளரான ஒரு பெண்ணுக்கு வாய்த்தது. வண்டிகளைச் சோதிக்கக் காற்றுச் சுரங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கூடம், ஒரு முனையில் மூன்று ஆள் உயர விசிறி. நடுவே உருளைகளின்மேல் காரை நிறுத்தி ஓட்டினால், அது நின்ற இடத்திலேயே பாலைவனத்து வெயிலில் வெந்து, பனிமலைக் குளிரில் விறைத்து, புயலிலும் அடிபட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடும்.

வரைபடத்தில் அவள் கதவுச் சட்டத்தைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி ஒன்று போட்டிருந்தாள். திட்டத் தலைவர் சிரித்தார்.

"ஏம்மா, குளிர் ரூமுக்கு ஹீட்டரா? வெளிய சொல்லிடாதே."

ஈரம் உறைந்து கதவின் ரப்பர் ஒட்டிக்கொள்ளும் என்று மூன்று தடவை விளக்கினாள். மூன்று தடவையும் தலையாட்டினார். பிறகு சிவப்புப் பேனாவால் கம்பியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வெள்ளோட்டத்தன்று கார் கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. தடித்த அங்கியோடு ஓட்டுநர் காரில் இருக்க, தலைவர் அரைக்கைச் சட்டையோடு நுழைந்தார். ஐந்து நிமிஷ வேலைக்கு அங்கி எதற்காம்? கையை வீசி விளக்கிவிட்டுத் திரும்பிக் கதவைத் தள்ளினார். வரவில்லை. தோளால் இடித்தார். அசையவில்லை.

வெளியே இருந்த அவளுக்கு அவர் பிடிக்காத மனிதர்தான், அதற்காக விறைக்க விடமுடியுமா? விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்தினாள். தலைவரைக் காருக்குள் ஏற்றி ஹீட்டரை முழுசாக வைக்கும்படி ஓட்டுநருக்கு ஒலிபெருக்கியில் சொன்னாள். டீக்கு வைத்திருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடி, கதவின் விளிம்பெல்லாம் ஊற்றி, இரண்டு ஃபிட்டர்களோடு சேர்ந்து நெம்பினாள். பதினோராவது நிமிஷம் கதவு வழிவிட்டது.

புருவமெல்லாம் பனியாக வெளியே வந்தார். பல் தந்தியடித்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள், நன்றி வருமென்று.

"கதவு உறையும்னு நான் அப்பவே சொன்னேன்."

அவள் வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவரும் நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா. நீ கவனமா இருக்கியான்னு பார்க்கத்தான் அடிச்சேன். நாலாவது தடவையும் நீ சொல்லியிருக்கணும்."

வந்தவர்களில் மூத்தவர் அவரைத் தாண்டி அவளிடம் திரும்பினார். "கம்பி போட எத்தனை நாளாகும்மா?"

"ரெண்டு நாள் சார்."

அன்றிலிருந்து கார்க்காரர்கள் எதைக் கேட்பதானாலும் அவளையே கேட்டார்கள். தலைவர் வருத்தப்படவில்லை. அவள் கெட்டிக்காரி என்று அவர்தான் அப்பவே சொன்னாராமே!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் கம்பியை அவர் அடித்த இடத்திலேயே, 'இந்த ஆள் உள்ளே மாட்டப்போகிறார்' என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே? அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போது சொல்ல வாயெடுத்திருந்தால், தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள்.