பின்பால் பெட்டியின் சுவிட்சுக் கோடுகளோடு எத்திராஜர் பொருத படலம்

வாழ்க எத்திராஜர்! அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் மின்சாரப் பேனல் போர்டுகளின் வயிறு கிழித்துக் குடல் திருத்திய குறடேந்து கரத்தர், டெஸ்டரைக் காதிடுக்கில் செருகிய செம்மல், வானகரத்து மூன்றாம் மாடிக் கோமான், வாழ்க!

அவரை எதிர்த்து நின்ற பகைவனோ, மூடிப்போன கிளப்பொன்றிலிருந்து வந்திறங்கிய அறுபதாண்டுப் பின்பால் பெட்டி. கண்ணாடிக்கடியில் எஃகுக் குண்டு ஓடி, மணியடித்து, விளக்கேற்றும் சரிவு மேசை. ஹாலில் பாதியைக் கவர்ந்து கிடந்த அதனைக் காலையில் வீரர் திறந்து, துடைத்து, மூடிய பின்னும் அதற்கு உயிர் வரவில்லை. வெகுண்டெழுந்த இல்லத்தரசி நாகவல்லியார் ஆணை பிறப்பித்தார்:

"ஆறு மணிக்குள்ள அது எரியணும்யா. இல்லன்னா யூசுப் பாய் வண்டில ஏத்திடுவேன். ஊடா இது, குடோனா?"

கீழே, காயலான் கடை யூசுப்பின் டெம்போ ஏற்கெனவே வந்து நின்றது. "நைனா, கயிறு ரெடியா கீது!" என்று வானதிரக் கூவினார் அவர்.

வீரர் கலங்கினாரா? இல்லை. பெட்டியோடு வந்த நாலடி வயரிங் படத்தைத் தரையில் விரித்தார். தொட்டு நிற்கும் இரு கோடுகள் மூடிய சுவிட்சு, விலகி நிற்பவை திறந்த சுவிட்சு. இது அவர் கரைத்துக் குடித்த மறை. எந்தப் படமும், கரண்டின்றி, எவரும் தொடாமல் சும்மா கிடக்கும் இயந்திரத்தையே காட்டும் என்பது எஸ்டேட்டு வேதம். ஆனால் குண்டு வந்து விழும் குழியின் சுவிட்சு படத்தில் மூடியிருக்க, பெட்டியிலோ, அந்தோ, அதன் இரு தகடுகளும் பாகம் பிரித்த பங்காளிகள்போல் விலகி நின்றன!

"தகடு கோணிகினு கீது! அதான் நோய்!" என முழங்கி, குறடால் வளைத்து ஒட்டவைத்து, பெட்டிக்குக் கரண்டைப் போட்டார். குழியில் விழும் குண்டை வெளியே உதைத்தனுப்பும் உதைகோல் சினங்கொண்ட களிறெனக் கிளர்ந்து, வெறுங்காற்றை டொக் டொக்கென்று ஓயாமல் உதைத்தது. ஃபியூஸ் வீர சுவர்க்கம் எய்தியது.

"இன்னா அண்ணாத்தே, கொத்து பரோட்டா போட்டுகினு கீறியா?" என்றார் கீழிருந்து யூசுப்.

ஐந்தே முக்காலுக்குப் பூதக்கண்ணாடி வழியே, படத்தின் மூலையில் கடுகினும் சிறிய எழுத்துகளை வீரர் கண்டார்: சுவிட்சுகள் யாவும், ஆட்டம் தொடங்குமுன், குண்டு குழியில் கிடக்கும் நிலையில் வரையப்பட்டவை. குண்டின் பாரம் அழுத்தினால்தான் தகடுகள் தொடும், தொட்டால்தான் பெட்டி உயிர்பெறும்! படமும் பொய்க்கவில்லை, தகடும் பொய்க்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு வேதம் பொய்த்தது. வளைத்த தகட்டை நிமிர்த்தினார், புது ஃபியூஸ் பூட்டினார், குழியை நோக்கினார். குழி காலி.

காலையில் பெட்டியைத் திறக்கும்போது குண்டைத் தம் கையாலேயே எடுத்தவர் அவர். எங்கே வைத்தார்? சோபாவைப் புரட்டினார், அரிசி டிரம்மைக் கலக்கினார், கேஸ் சிலிண்டரை உருட்டினார். குளியலறைப் பக்கம் வாஷிங் மெஷின் கடகடவென்று போர்முரசாய் அதிர்ந்து அவருக்கு ஊக்கமூட்டியது.

மணி ஆறு.

"ஒரே ஒரு குண்டு! அது கெட்ச்சா எரிஞ்சிரும் நாகவல்லி!"

"காலீலேர்ந்து தகடுன்னே, ஃபியூசுன்னே, இப்ப குண்டா? நீ ஏத்து பாய்."

யூசுப்பின் ஆட்கள் நால்வர் தோள்மேல் பெட்டி படியிறங்கிற்று. தோற்ற வேந்தனின் தேரென அந்த டெம்போ மதுரவாயல் பைபாஸ் பக்கம் திரும்பி மறைந்த கணத்தில், உள்ளே முரசு அடங்கி, பீப் பீப் என்றது.

குண்டு, துவைக்கப் போட்ட சட்டையின் பையில் இருந்தது.